மார்பகப் புற்றுநோயில் செல்பெருக்கக் குறிப்பான்கள்: கி-67 விழுக்காடு பற்றிய ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய்க் கட்டியிலுள்ள செல்கள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்பதை மதிப்பிட உதவும் அடையாளங்கள் செல்பெருக்கக் குறிப்பான்கள் எனப்படுகின்றன. அவற்றுள் இன்று மிகுதியாகப் பயன்படுவது கி-67 என்னும் உட்கருப் புரதம். கட்டியின் ஐ.எச்.சி. அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்றுக்கும் அடுத்து நான்காவது வரியாக வரும் விழுக்காடு இதனுடையதுதான். முதல் மூன்று வரிகளும் ஆம், இல்லை என்று பேசுகின்றன. நான்காவது வரி மட்டும் 8, 22, 45 என்று எண்ணாக வருவதால், நோயாளியின் வீட்டார் கண் நேராக அதன்மேல்தான் போய் விழும். "அம்மாவுக்கு 22 வந்திருக்கு டாக்டர், அது மோசமா?" என்பது புற்றுநோய்ப் பிரிவுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை எவ்வளவு உறுதியானது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கி-67 பயனற்றது என்று வாதிடுவது இதன் வேலையல்ல. அது மெய்யான ஒன்றைத்தான் அளக்கிறது. ஆனால் நம் மருத்துவக் கல்லூரிகளில் அதைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் தலைப்பில் சூட்டிக்கொள்ளும் 'முன்கணிப்பு' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் உள்ளே ஆதாரம் இருப்பதில்லை.

பெயரும் பிறப்பும்

67 என்பது அளவோ வரிசையோ அல்ல. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் யோஹன்னஸ் கெர்டெஸ் குழுவினர், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா செல்களிலிருந்து எடுத்த உட்கருப் பொருளைச் சுண்டெலிக்குச் செலுத்தி எதிர்ப்பொருள்களை உண்டாக்கினர். அவற்றுள் வேண்டிய குணம் காட்டிய ஒன்று, 96 குழிகள் கொண்ட தட்டில் 67ஆம் குழியில் இருந்தது. ஊரின் முதலெழுத்துகளும் குழியின் எண்ணும் சேர்ந்து பெயராகிவிட்டன. மறு ஆண்டே அதே குழு, பிரிவுச் சுழற்சியில் இருக்கும் செல்களில் எல்லாக் கட்டங்களிலும் இந்தப் புரதம் இருப்பதையும், ஓய்வில் இருக்கும் செல்களில் இல்லாததையும் காட்டியது. இதைவிட நேர்த்தியான குறிப்பான் கிடைக்குமா என்றுதான் அன்று தோன்றியிருக்கும்.

முதலில் வந்த எதிர்ப்பொருள் உறைநிலைத் திசுவில் மட்டுமே வேலை செய்தது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகுக் கட்டையில் பதித்த திசுவிலும் வேலை செய்யும் எம்.ஐ.பி.-1 எதிர்ப்பொருள் 1992இல் வந்த பிறகே இது உலகெங்கும் சாதாரண ஆய்வகங்களுக்குள் நுழைந்தது. அதற்கு முன் வேறு பல குறிப்பான்கள் இருந்தன. பி.சி.என்.ஏ. என்னும் புரதம் சில காலம் கொடிகட்டிப் பறந்தது. டி.என்.ஏ. பழுது நீக்கத்திலும் அதற்குப் பங்கு உண்டு, பிரிவுச் சுழற்சியை விட்டு வெளியேறிய செல்லிலும் அது சிறிது காலம் தங்கியிருக்கும் என்பதால் செல்வாக்கு இழந்தது. வெள்ளி நைட்ரேட் சாயமிட்டு உட்கருவிலுள்ள கரும்புள்ளிகளை எண்ணும் ஏஜிநார் முறை செலவு குறைந்தது என்பதால் இந்தியக் கல்லூரிகளில் நெடுநாள் நீடித்தது. ஓட்ட முறையில் எஸ்-கட்டச் செல்களைக் கணக்கிடுவதும் ஒருகாலத்தில் பேசப்பட்டது. இவை இன்று பெரும்பாலும் பழைய நூல்களில்தான் உள்ளன.

கி-67 செல்லுக்குள் என்னதான் செய்கிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெளிவில்லாமலே இருந்தது. 2016இல்தான், செல் பிரியும் நேரத்தில் குரோமோசோம்களின் மேற்பரப்பில் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் சோப்பு போலப் பிரித்து வைக்கிறது என்று தெரியவந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு, இந்தப் புரதம் இல்லாமலேயே செல்கள் பெருக முடியும் என்று காட்டியது. அதாவது இது பெருக்கத்தின் காரணம் அல்ல, உடன்வரும் அடையாளம். 2018இல் வந்த ஆய்வு இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது: செல் ஓய்வுக்குப் போனதும் கி-67 உடனே மறைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எனவே நுண்ணோக்கியில் மங்கலான பழுப்பாகத் தெரியும் உட்கரு, ஓய்வுக்குப் போய்ச் சில நாள்தான் ஆன செல்லாகவும் இருக்கலாம். 'உண்டு', 'இல்லை' என்று நாம் எண்ணுவது, இயற்கையில் படிப்படியாக ஏறி இறங்கும் ஒன்றை.

தரத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் வேகம்

கட்டியின் பெருக்க வேகத்தை அளக்க எதிர்ப்பொருள் எதுவும் தேவைப்படாத ஒரு வழி முன்பே உண்டு. பிரிந்துகொண்டிருக்கும் செல்களை, அதாவது மைட்டாசிஸ் உருவங்களைச் சாதாரண சாயமிட்ட சில்லிலேயே எண்ணுவது. 1957இல் புளூமும் ரிச்சர்ட்சனும் வகுத்து, 1991இல் நாட்டிங்காமைச் சேர்ந்த எல்ஸ்டனும் எல்லிஸும் திருத்திய தர முறையில், குழாய் அமைப்பு, உட்கரு வடிவம், மைட்டாசிஸ் எண்ணிக்கை மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 வரை முதல் தரம், 6 அல்லது 7 இரண்டாம் தரம், 8 அல்லது 9 மூன்றாம் தரம்.

ஒரு கட்டிக்குக் குழாய் அமைப்பில் 3, உட்கருவில் 2 என்று வைத்துக்கொள்வோம். மைட்டாசிஸ் 1 என்றாலும் 2 என்றாலும் அது இரண்டாம் தரம்தான். 3 ஆனால் கூட்டுத்தொகை 8, மூன்றாம் தரம். இப்போது நாட்டிங்காம் முன்கணிப்புக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். கட்டியின் அளவைச் செ.மீ.யில் 0.2ஆல் பெருக்கி, அக்குள் நிணநீர்க் கணுவுக்கான மதிப்பெண்ணையும் தரத்தையும் கூட்ட வேண்டும். 2 செ.மீ. கட்டி, கணுவில் நோய் இல்லை, இரண்டாம் தரம் என்றால் 0.4 + 1 + 2 = 3.4. இது நல்ல பிரிவின் மேல் விளிம்பு. அதே கட்டி மூன்றாம் தரம் ஆனால் 4.4, இடைப்பட்ட பிரிவு. வேறெதுவும் மாறவில்லை, மைட்டாசிஸ் மதிப்பெண் மட்டும்தான் மாறியது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கி-67 உயர்ந்திருந்தால் தரமும் உயர்ந்திருக்கிறது என்பது நம் ஆய்வேடுகள் மீண்டும் மீண்டும் எட்டும் முடிவு. புள்ளியியலில் அழுத்தமான முடிவாகவும் அது வந்துவிடும். வராமல் எப்படி இருக்கும்? தரத்தின் மூன்று தூண்களில் ஒன்றே செல்பிரிவின் எண்ணிக்கை. ஒரே ஆற்றின் வெள்ளத்தை இரண்டு பாலங்களில் நின்று அளந்துவிட்டு, இரண்டு அளவும் ஒத்துப்போகின்றன என்று வியப்பதற்கு இது சமம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தரமும் கட்டி அளவும் கணு நிலையும் ஏற்கெனவே கையில் இருக்கும்போது, கி-67 அவற்றுக்கு மேல் புதிதாக எதையாவது சொல்கிறதா?

மைட்டாசிஸ் எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்து புலங்களில் எண்ணு என்றால், நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி புலத்தின் பரப்பு மாறும். விட்டம் 0.63 மி.மீ. உள்ள கருவியில் ஒரு புலம், 0.44 மி.மீ. உள்ளதைப்போல் இருமடங்கு பரப்பைக் காட்டும். இதற்கான திருத்தப் பட்டியலை எல்ஸ்டனும் எல்லிஸும் கூடவே கொடுத்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் புல விட்டத்தைக் குறிப்பிடாமல் மைட்டாசிஸ் மதிப்பெண்ணை மட்டும் தருபவர்கள், அந்தப் பட்டியலைப் பார்த்தார்களா என்ற ஐயத்தை வாசகருக்கு விட்டுவிடுகிறார்கள்.

பொத்தேரி முதல் செங்கல்பட்டு வரை

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் ரயில் பாதையும் சேர்ந்தே ஓடுகின்றன. காட்டாங்குளத்தூர்ப் பகுதியில், பொத்தேரி நிலையத்தை ஒட்டி எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி. பாதையின் தென்கோடியில் 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் என்று சுற்றுவட்டாரத்தில் மார்பில் கட்டியைக் கண்ட பெண்ணுக்கு அடையாறு வரை போகாமலேயே பயாப்ஸி, அறுவை, கீமோ எல்லாம் கிடைக்கும் நிலை இன்று இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் இந்த வசதி இல்லை.

கல்லூரி இருக்கும் இடத்தில் ஆய்வேடும் இருக்கும். நோய்க்குறியியலில் எம்.டி. படிப்பவர் மூன்றாண்டுக்குள் ஒரு தலைப்பை எடுத்து, திசுக்களைச் சேர்த்து, சாயமிட்டு, எண்ணி, எழுதி முடிக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதும் இதற்கு மிகவும் விரும்பப்படும் தலைப்புகளில் மார்பகப் புற்றுநோயும் கி-67உம் அடங்கும். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இத்தகைய ஆய்வேடுகளை யாரும் திறந்து படிக்கலாம். கீழே சொல்லப்படுவது எந்த ஒரு கல்லூரியையும் குறித்ததல்ல. இந்த வகை எழுத்து முழுவதையும் குறித்தது.

இவற்றின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். ஐம்பது அறுபது கட்டிகள். ஒவ்வொன்றுக்கும் வயது, அளவு, தரம், கணு நிலை, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கி-67. பிறகு கி-67ஐ 14 அல்லது 20 என்ற கோட்டில் வெட்டி இரண்டாகப் பிரித்து, மற்ற ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்ப்பார்கள். தரத்தோடு பொருந்துகிறது. ஈ.ஆரோடு எதிர்த்திசையில் பொருந்துகிறது. கணு நிலையோடு சிலவற்றில் பொருந்தும், சிலவற்றில் பொருந்தாது. 'ஆகவே கி-67 ஒரு சிறந்த முன்கணிப்புக் குறிப்பான்' என்று முடியும்.

அந்த 'ஆகவே'யில்தான் சிக்கல். முன்கணிப்பு என்பது நோயாளிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் பற்றியது: நோய் திரும்பியதா, எப்போது திரும்பியது, உயிரோடு இருக்கிறாரா. இவ்வேடுகளில் பலவற்றில் அந்தப் பத்தியே கிடையாது. கட்டி ஆய்வகத்துக்கு வந்த நாளோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரு குறிப்பான் வேறு சில குறிப்பான்களோடு ஒத்துப்போகிறது என்பதை, அது எதிர்காலத்தைச் சொல்கிறது என்பதாகக் காட்டுவது, பெண்ணின் ஜாதகமும் பையனின் ஜாதகமும் பொருந்திவிட்டன, ஆகவே இல்லறம் நன்றாக நடந்தது என்று எழுதுவதைப் போன்றது.

மாணவரைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமும் அல்ல. மூன்றாண்டுப் படிப்புக்குள் முன்கணிப்பை அளக்கவே முடியாது. ஈ.ஆர். உள்ள மார்பகப் புற்றுநோய் மெதுவாகத் திரும்பும் நோய். 88 மருத்துவச் சோதனைகளில் பங்கேற்ற 62,923 பெண்களின் தரவைச் சேர்த்து 2017இல் வந்த பெரும் பகுப்பாய்வு, ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து நலமாக இருந்தவர்களிடமும் 5ஆம் ஆண்டு முதல் 20ஆம் ஆண்டு வரை நோய் சீராகத் திரும்பிக்கொண்டே இருந்ததைக் காட்டியது. சிறிய கட்டி, கணுவில் நோய் இல்லை என்ற மிகச் சாதகமான பிரிவிலேயே அந்தக் காலத்தில் தொலைவு உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு 13%. மாணவர் பட்டம் வாங்கி, சிறப்புப் படிப்பு முடித்து, சொந்த ஆய்வகம் வைத்து, தன் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் காலத்தில்தான் அவர் சாயமிட்ட கட்டிகளின் முழு விடையும் தெரியவரும்.

கோடு எங்கே?

கி-67 எந்த அளவுக்கு மேல் போனால் உயர்வு என்பதற்கு உலகம் கொடுத்த விடைகளை வரிசையாக வைத்தால் சிரிப்பு வரும். செயின்ட் காலன் மாநாட்டு வல்லுநர் குழு 2009இல் 15 வரை குறைவு, 30க்கு மேல் அதிகம் என்றது. 2011இல் 14 என்றது. 2013இல் 20க்குப் பெரும்பான்மை வாக்கு. 2015இல் 20 முதல் 29 வரை என்ற பட்டை. 2021இல் 5 வரை குறைவு, 30உம் அதற்கு மேலும் உயர்வு, நடுவில் இருப்பதைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கி-67க்கான சர்வதேசப் பணிக்குழுவும் அதே ஆண்டு இதே முடிவைத்தான் சொன்னது. என் பார்வையில் இந்தக் கடைசி விடைதான் நேர்மையானது. பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதை அறிவது நல்லது. 2009இல் மேகி சியாங் குழுவினர் மரபணு வெளிப்பாட்டு முறையில் வகைப்படுத்தப்பட்ட 357 கட்டிகளை வைத்து, லூமினல் ஏ, லூமினல் பி இரண்டையும் பிரிக்க கி-67இல் எந்தக் கோடு பொருந்தும் என்று தேடினர். கிடைத்தது 13.25. பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேமித்திருந்த 4046 கட்டிகளின் தொகுப்பில் அதை நிறுத்திப் பார்த்தனர். அந்த நோயாளிகளின் நெடுங்காலத் தொடர் விவரம் கையில் இருந்தது. அவர்கள் ஆய்வகத்தில், அவர்கள் எதிர்ப்பொருளில், அவர்கள் எண்ணும் முறையில் கிடைத்த எண் அது. நம் ஊர் ஆய்வகத்தில் அதே 14க்கு அதே பொருள் இருக்கும் என்று கொள்ள ஆதாரம் வேண்டும்.

இருக்காது என்பதற்கோ ஆதாரம் உண்டு. 2013இல் பாலி என்பவர் தலைமையில் வெளியான ஆய்வில், உலகின் தேர்ந்த எட்டு ஆய்வகங்களுக்கு ஒரே 100 கட்டிகளைக் கொடுத்தார்கள். ஒத்திசைவுக் கெழு 1 என்றால் முழு ஒற்றுமை. ஒரே ஆய்வகத்துக்குள் மீண்டும் எண்ணியபோது அது 0.94. ஒரே இடத்தில் சாயமிட்ட சில்லுகளை எட்டு ஆய்வகங்களும் எண்ணியபோது 0.71. அவரவர் இடத்தில் சாயமிட்டு எண்ணியபோது 0.59. ஆக ஒருவர் தன்னோடு ஒத்துப்போகிறார், பிறரோடு ஒத்துப்போவதில்லை. பயாப்ஸியை ஓரிடத்திலும் அறுவைத் திசுவை வேறோரிடத்திலும் பார்த்து, 18 என்பது 26 ஆகிவிட்டதே, நோய் முற்றிவிட்டதா என்று பதறும் குடும்பத்துக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மனிதப் பிழை இல்லாவிட்டாலும் எண்ணுவதன் கணக்கே ஓர் எல்லை வைக்கிறது. 100 செல்களை எண்ணி 20 பழுப்பாக இருந்தால், உண்மை விழுக்காடு ஏறத்தாழ 13க்கும 29க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 14 என்ற கோடும் 20 என்ற கோடும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடக்கம். 500 செல்களை எண்ணி 100 பழுப்பாக இருந்தால் இடைவெளி ஏறத்தாழ 17 முதல் 24 வரை சுருங்கும். பணிக்குழு 2011இலேயே 500க்குக் குறையாமல், கூடுமானால் 1000 செல்கள் எண்ணச் சொன்னதன் பொருள் இதுதான். நாளுக்கு நாற்பது ஐம்பது சில்லுகள் பார்க்கும் மருத்துவர் ஒரு கட்டிக்கு 1000 செல்களைக் கையால் எண்ணுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். அதனால்தான் பலர் கண்மதிப்பாகச் சொல்கிறார்கள். கண்மதிப்பாகச் சொல்வதில் குற்றமில்லை, அதை 22 என்று எழுதுவதில்தான் குற்றம். 'சுமார் 20' என்று எழுதினால் படிப்பவருக்கு நிலவரம் புரியும்.

எங்கே எண்ணுவது என்பதும் தீராத வழக்கு. பழுப்பு மண்டிக்கிடக்கும் 'ஹாட் ஸ்பாட்' பகுதியில் எண்ணினால் ஒரு விடை, கட்டி முழுவதற்கும் சராசரி எடுத்தால் வேறு விடை. அறிக்கையில் எது செய்யப்பட்டது என்று ஒரு சொல் எழுதினால் போதும். பெரும்பாலும் எழுதுவதில்லை.

சில்லுக்கு வருமுன்

நம் நாட்டில் இதைவிடப் பெரிய இடர்ப்பாடு நுண்ணோக்கிக்கு வெளியே நடக்கிறது. உடலிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் நடுநிலையாக்கிய 10% ஃபார்மலினுக்குள் போக வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்பது ஐ.எச்.சி. சோதனைகளுக்கான பொது விதி. ஃபார்மலின் திசுவுக்குள் ஊடுருவும் வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. மட்டுமே. முழு மார்பகத்தையும் கீறாமல் ஒரு டப்பாவில் அப்படியே அமிழ்த்திவைத்தால், நடுவிலுள்ள கட்டியை ஃபார்மலின் தொடுவதற்குள் இரவு கழிந்துவிடும். அதற்குள் செல்கள் தாமாகவே சிதையத் தொடங்கும், மைட்டாசிஸ் உருவங்கள் அடையாளம் தெரியாமல் போகும், கி-67உம் குறைந்து தெரியக்கூடும்.

சிறிய நர்சிங் ஹோமில் அறுவை நடந்து, கட்டியை டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுத்து, அவர் அதை மஞ்சப்பையில் வைத்து ரயிலேறி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இன்றும் நம் புறநகரங்களில் அன்றாடக் காட்சி. டப்பாவில் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எவ்வளவு ஃபார்மலின், கட்டியைக் கீறினார்களா என்ற விவரம் எதுவும் அதோடு வருவதில்லை. இந்த மூன்று வரிகளைக் கேட்டு வாங்கும் பழக்கம், விலை உயர்ந்த புது எதிர்ப்பொருளைவிட அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. ஊசிப் பயாப்ஸியில் எடுத்த மெல்லிய துணுக்கு உடனே பதமாகிவிடும். அதனால் இரண்டு எண்களும் வேறுபட்டால், பயாப்ஸி எண்ணை நம்புவதற்குப் பல சமயம் கூடுதல் காரணம் உண்டு.

முன்கணிப்பு வேறு, மருந்துத் தேர்வு வேறு

ஒரு குறிப்பான் நோயின் போக்கைச் சொல்லலாம். இன்ன மருந்து இவருக்குப் பலிக்கும் என்பதைச் சொல்வது தனி வேலை. இவ்விரண்டையும் குழப்புவதால் வரும் விளைவுக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. அபெமாசிக்லிப் என்னும் மாத்திரையைத் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் அனுமதித்தபோது, கி-67 20க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2023 மார்ச்சில் அந்த நிபந்தனையையே நீக்கியது. கி-67 அதிகமுள்ளவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது உண்மை. ஆனால் மருந்தின் பயன் குறைவாக உள்ளவர்களுக்கும் கிடைத்தது. எண் நோயைப் பற்றிச் சரியாகச் சொன்னது, மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. இடைப்பட்ட பதினேழு மாதங்களில் 18, 19 என்று வந்த பெண்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

டிரிபிள் நெகடிவ் வகையிலும் இதேபோல் ஒன்று உண்டு. இந்தியாவில் அவ்வகையின் பங்கு மேலை நாடுகளைவிடக் கூடுதல், நோயாளிகளின் வயதும் குறைவு. அவ்வகைக் கட்டிகளில் கி-67 பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். மிகச் சிறிய கட்டிகளைத் தவிர, எப்படியும் கீமோ கொடுக்கத்தான் போகிறார்கள். அங்கே 50ஆ 70ஆ என்று தெரிந்து மாறப்போவது அதிகமில்லை. எல்லா வகைக் கட்டிகளையும் ஒரே கூடையில் போட்டுக் கணக்கிடும் ஆய்வேடுகளில், கி-67க்கும் ஈ.ஆருக்கும் உள்ள எதிர் உறவு பெரும்பாலும் இந்த வகையால் வருவதுதான். உண்மையான ஐயம் இருக்கும் இடம் ஈ.ஆர். உள்ள, ஹெர்-2 இல்லாத, கணுவில் நோய் இல்லாத அல்லது சிறிதே உள்ள கட்டி. கீமோ வேண்டுமா, ஹார்மோன் மாத்திரை மட்டும் போதுமா என்பதை அங்கேதான் எடைபோட வேண்டியிருக்கிறது. ஆய்வு அங்கே நடக்க வேண்டும்.

கி-67ஐ மிக அழகாகப் பயன்படுத்திய சோதனையாக நான் கருதுவது பிரிட்டனின் போயட்டிக். 130 மருத்துவமனைகள், 4480 பெண்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் ஹார்மோன் மாத்திரை கொடுத்து, மாத்திரை தொடங்குமுன் பயாப்ஸியிலும் இரண்டு வாரம் கழித்து அறுவைத் திசுவிலும் கி-67ஐ அளந்தார்கள். ஹெர்-2 இல்லாத, மாத்திரை பெற்ற பெண்களில், தொடக்கத்திலேயே குறைவாக இருந்தவர்களுக்கு ஐந்தாண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு 4.3%. உயர்வாக இருந்து மாத்திரையால் இறங்கியவர்களுக்கு 8.4%. மாத்திரை கொடுத்தும் இறங்காதவர்களுக்கு 21.5%. ஒரு நாளில் எடுத்த ஒற்றை எண்ணைவிட, மருந்துக்கு அந்த எண் எப்படி அசைகிறது என்பது அதிகம் பேசுகிறது. இதற்குத் தேவையானவை ஒரு மலிவான மாத்திரை, இரண்டு திசுத் துண்டுகள், ஒரே ஆய்வகம், ஒரே கண். அறுவைக்குத் தேதி கொடுத்துக் காத்திருக்கும் இரண்டு வாரம் நம் மருத்துவமனைகளில் எப்படியும் கழிகிறது.

பல மரபணுச் சோதனைகள் பற்றியும் ஒரு சொல். ஆன்கோடைப் டி.எக்ஸ். சோதனையின் 21 மரபணுக்களில் ஐந்து செல்பெருக்கத்துக்கானவை, கி-67உம் அவற்றுள் ஒன்று. அதன் விலை நம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் வேறு வழி எடுத்தது. ஐ.எச்.சி.யில் ஐந்து புரதங்களை அளந்து, கட்டி அளவு, கணு நிலை, தரம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்த ஐந்து புரதங்களில் கி-67 இல்லை. தரத்தின் வழியாக மைட்டாசிஸ் உள்ளே வந்துவிடுகிறது.

தொடர்ந்து போய்ப் பார்த்த ஊர்

நோயாளிகளைப் பின்தொடர்வது நம் நாட்டில் நடக்காத காரியம் என்ற பேச்சைச் சென்னைக்காரர்கள் சொல்லக் கூடாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களையும் சானடோரியத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. 193 நோயாளிகள். 1959இல் முதல் முடிவு வந்தது. அதோடு விடாமல் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 1966இல் அந்த விவரத்தையும் வெளியிட்டார்கள். உலகமே காசநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் விதத்தை அது மாற்றியது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடும், கடிதம் போட்டும் வீடு தேடிப் போயும் நோயாளிகளின் நிலையை அறிந்து உயிர்பிழைப்புக் கணக்கு எடுத்த பதிவேடு. 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் பதிவேட்டுத் திட்டம் விரிந்திருக்கிறது.

ஆய்வகங்களில் மெழுகுக் கட்டைகள் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் அறுவை செய்த பெண்ணின் கட்டியை இன்றைய மாணவர் எடுத்து, புதிதாக வெட்டிச் சாயமிடலாம். அவருக்கு என்ன ஆனது என்ற விவரம் மருத்துவமனைக் கோப்பிலும் தொலைபேசியிலும் பதிவேட்டிலும் கிடைக்கும். மூன்றாண்டுக்குள் முன்கணிப்பு ஆய்வு செய்ய இருக்கும் ஒரே வழி இதுதான். ஒரு மாணவர் 50 கட்டி என்றால் முடிவு எதுவும் நிற்காது. பொத்தேரியிலும் செங்கல்பட்டிலும் அடுத்தடுத்து வரும் ஐந்து மாணவர்கள் ஒரே முறையில் எண்ணி ஒரே பட்டியலில் சேர்த்தால் நிற்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித் தலைப்பு வேண்டும் என்ற நம் விதி அதற்கு இடம் கொடுப்பதில்லை.

புற்றுநோய்க் குறிப்பான் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2005இல் வெளியான ரிமார்க் நெறிமுறையில் 20 இனங்கள் உண்டு. எத்தனை நோயாளிகள் விடுபட்டனர், எவ்வளவு காலம் தொடர்ந்தனர், வெட்டுக்கோட்டை முன்பே முடிவு செய்தார்களா அல்லது முடிவு நன்றாக வரும்வரை நகர்த்தினார்களா என்பவை அதில் அடக்கம். கடைசியில் சொன்னது சிறிய குற்றமல்ல. நல்ல விடை வரும் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தால், குறிப்பான் உதவாததாக இருந்தாலும் உதவுவதுபோல் தெரியும். இதை டக்ளஸ் ஆல்ட்மன் குழுவினர் 1994இலேயே எச்சரித்தார்கள். ஆய்வேடுகளைத் திருத்தும் தேர்வாளர் இந்த 20 இனங்களை ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டாலே பாதி ஆய்வேடுகளின் தலைப்பிலிருந்து 'முன்கணிப்பு' என்ற சொல் உதிர்ந்துவிடும்.

எண்ணும் சுமைக்கு இப்போது கருவி இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் பாங்க்ஹெட் உருவாக்கி 2017இல் அறிவித்த கியூபாத் மென்பொருள் இலவசமானது, மூலநிரலும் திறந்தது. சில்லின் படத்தைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான உட்கருக்களைச் சில நிமிடங்களில் எண்ணிவிடும். புற்றுச் செல் எது, இடையில் கிடக்கும் நிணநீர்ச் செல் எது என்று பிரித்துக் காட்ட மருத்துவரின் கண் இன்னும் தேவை. நிணநீர்ச் செல்களும் கி-67 காட்டும், அவற்றையும் சேர்த்து எண்ணினால் விழுக்காடு தவறிப்போகும். அறிக்கையின் நான்காவது வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் எதிர்ப்பொருளின் பெயர், எண்ணிய செல்கள் எத்தனை, சராசரியா ஹாட் ஸ்பாட்டா, ஃபார்மலினில் இருந்த நேரம் ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிட ஆய்வகத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.